நம்பர் பலகையும் என் வயிற்றெரிச்சலும்

காருக்கு நம்பர் எழுதுகிற தொழிலில் பெயின்டும் பிரஷும் இரண்டாம் பட்சம். வாடிக்கைக்காரருக்கு ஆகாத பங்காளி ஒருவன் இருக்கிறானா என்பதுதான் முதல். பங்காளி கார் வாங்கினால் இவரும் வாங்குவார். பங்காளியின் நம்பர் பார்வையாக இருந்துவிட்டால் இவர் தன் பலகையை மூன்று தடவை அழித்து எழுதச் சொல்வார். இப்படி அடுத்தவர் வயிற்றெரிச்சலில் பன்னிரண்டு வருஷம் சோறு தின்றவன் நான். அதனால் என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் கடை. கடை என்றால் ஒரு தகரக் கதவு, ஒரு மர பெஞ்சு, நாலு பெயின்ட் டப்பா. ஜில்லாவில் கார் வைத்திருப்பவர்களைப் பேர் சொல்லி எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் முடிந்து, மண்டிக்காரர்களும் பண்ணையம் செய்பவர்களும் கார் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆபீசில் வரிசைப்படி நம்பர் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். கறுப்புத் தகரத்தில் வெள்ளை எழுத்து. காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

'எங்களிடம்' என்று சொன்னேன் அல்லவா, அந்த இன்னொரு ஆள்தான் என் தொல்லை. எதிர்க்கடை ரங்கசாமி. என் மனைவி பாவாயியின் கூடப் பிறந்த அண்ணன். நானும் மச்சானும் ஒரே நாடகக் கம்பெனியில் சீன் படுதா எழுதியவர்கள். கம்பெனி கலைந்ததும் நான் முதலில் சேலத்துக்கு வந்து கடை போட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் வந்து நேர் எதிரில் போட்டார். சொந்தம் பக்கத்தில் இருந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்று அவருக்குக் கடிதம் போட்டு வரவழைத்தவனே நான்தான். அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

எனக்கு அவர் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்தது. ஆனால் அவர் எழுதிய நம்பரைத் தெருவில் போகிறவன் நின்று பார்த்தான். நான் எழுதியதைப் படித்துவிட்டுப் போனான். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, என் எழுத்து அவர் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எதிர்க்கடை என்று ஒன்று உள்ளவர்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் இது புரியும். இல்லாத பாக்கியசாலிகள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

ராகு காலத்தில் போன லாபம்

நெல் அளக்கிறவர்கள் முதல் வள்ளத்தை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. எங்கள் தெருக்கோடியில் இருந்த நெல் மண்டி முதலாளி முப்பது வருஷமாக அந்த 'லாபம்' என்ற சத்தத்துக்குக் கண் விழித்தவர். அவர் கார் வாங்கினார். வாங்கிவிட்டு, ஒன்றில் முடிகிற நம்பர்தான் வேண்டும் என்று காரைப் படுதா போட்டு மூடி வைத்துவிட்டார். கணக்குப்பிள்ளை தினமும் ஆபீசுக்குப் போய் எந்த நம்பர் ஓடுகிறது என்று பார்த்து வருவார். ஒரு மாதத்துக்கு மேல் கார் அப்படியே நின்றது. மழைக்கு நனையாமல், வெயிலுக்குக் காயாமல், யாரும் ஏறாமல்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். பூஜ்யத்தில் முடிகிற நம்பர் அன்று போய்விட்டது, அடுத்தது ஒன்று. மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளி குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டு மணி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மண்டிக்காரரும் அந்த வாரம்தான் கார் வாங்கியிருந்தார். அவருக்கு நம்பரைப் பற்றிய நினைப்பே கிடையாது. பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனவர், அப்படியே ஆபீசில் நுழைந்து நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒன்றில் முடிந்த நம்பர் எதிர்க்கடையில் மச்சானிடம் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு மேல் போன முதலாளிக்கு இரண்டில் முடிந்தது கிடைத்து, அது என்னிடம் வந்தது. எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை, முதலாளிக்கும் சரியில்லை. ஆறுதலாக இருக்கட்டுமே என்று, ரெண்டும் நல்ல நம்பர்தான், சோடி நம்பர் என்றேன். அவர் எதிர்க்கடையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அளக்கறப்ப லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. ரெண்டுன்னா ரெண்டுதானுங்க பெயின்டரு, அதுக்கு வேற பேரு யாரும் வெக்கலியே."

உட்கார்ந்த எழுத்து

அந்த இரண்டு மண்டிக்காரர்களின் பலகைகளும் ஒரே நாளில் தயாராயின. மழை பிடித்துக்கொண்டதால் மச்சான் தன் பலகையை எங்கள் வீட்டில் காய வைக்கக் கொண்டு வந்தார். என்னுடையதும் அவருடையதும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கடைசி எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்ணும் ஒரே மாதிரி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வாய்க்காது என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

பாவாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது நல்லதுதான், பாரபட்சம் இல்லாமல் சொல்வாள் என்று நினைத்தேன். எது யார் எழுதியது என்று சொல்லாமல், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இது எங்கண்ணன் எழுதுனதுங்க, அது நீங்க எழுதுனது. அண்ணன் எழுதுனது ஒக்காந்திருக்குது. உங்களுது பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நின்னுக்கிட்டு இருக்குதுங்க."

மயில் போட்ட பலகை

அதற்கப்புறம் உட்காருவதாவது நிற்பதாவது என்று எனக்கு ஒரு வெறி வந்தது. மல்லசமுத்திரத்துக் கடலைக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். யாரிடமும் இல்லாத மாதிரி ஒரு பலகை வேண்டும், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். இந்த வார்த்தைக்காகவே நான் காத்திருந்தேன். நாடகத்தில் ராஜா கிரீடத்துக்கு ஒட்டிய தங்க ரேக்கு கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருந்தது. எண்களுக்குத் தங்க ரேக்கு, ஓரத்துக்குச் சிவப்பு நிழல், சுற்றிலும் கொடி, இரண்டு மூலையிலும் தோகை விரித்த மயில். நாலு நாள் ஆயிற்று. வியாபாரி பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கார் அன்று மல்லசமுத்திரம் போய்ச் சேரவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் போலீஸ் இன்ஸ்பெக்டர் நிறுத்திவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், ரொம்பப் பொறுமைசாலி என்று சொல்வார்கள். காரை முன்னாலும் பின்னாலும் இரண்டு தரம் சுற்றி வந்தாராம். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து மயிலைப் பார்த்தாராம். உடனே பலகையை மாற்று என்று காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வியாபாரி நேராக எதிர்க்கடைக்குப் போனார். மச்சான் அரை மணி நேரத்தில் வெறும் வெள்ளையில் எழுதிக் கொடுத்தார். என் பலகையை அவர் அழித்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். வேறு தகரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மயிலை அழிக்க மனசு வரவில்லை என்று பலகையை என்னிடமே கொண்டு வந்து கொடுத்தார். போகிற போக்கில், இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் என்பதை வியாபாரி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்:

"'ஏனய்யா, இதுல நம்பர் எங்க இருக்கு? சாமி புறப்பாட்டுக்குச் செஞ்ச சப்பரத்தை யார் உன்னை ரோட்டுல ஓட்டச் சொன்னது'ன்னு கேக்கறாருங்க."

நிழல்

என் கடையைத் தேடியும் ஒருவர் வந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். புதுச்சத்திரத்துப் பண்ணாடி. நிலபுலன் உள்ளவர்களை எங்கள் பக்கம் பண்ணாடி என்றுதான் சொல்வோம். கார் வாங்கினதும் என்னிடம்தான் நம்பர் எழுதினார். நானூற்றுச் சொச்சம் நம்பர். அதற்கப்புறம் வருஷா வருஷம் தைப் பொங்கலுக்கு முன்னால் வந்து பலகையைப் புதுசு பண்ணிக்கொண்டு போவார். ஒரு தடவைகூட எதிர்க்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். மச்சான் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். வருஷத்தில் எனக்கு அந்த ஒரு நாள் தீபாவளி.

நாலாவது வருஷம் எனக்கு ஆசை அடக்க முடியவில்லை. எதிரில் ஒரு கடை இருந்தும் தாங்கள் என்னைத் தேடி வருவதற்கு என்ன காரணம் என்று, அவர் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்டேன். மச்சானுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவும் கேட்டேன். புதுச்சத்திரத்தார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"மத்தியானத்துக்கு மேல நெழலு உங்க கடைப் பக்கந்தானுங்க வருது. காரு சுடாமக் கெடக்கும் பாருங்க."

மூத்த நம்பர்

புதுச்சத்திரத்தாருக்கு மோகனூரில் ஒரு பங்காளி இருந்தார். அவரும் பண்ணாடிதான். குலதெய்வக் கோயில் காவிரிக் கரையில் இருந்தது. அங்கே முதல் மரியாதை மோகனூர்ப் பண்ணாடிக்கு. மூத்த வழி அவர்தான். புதுச்சத்திரத்தாருக்கு இரண்டாவது. அது பாட்டன் காலத்து ஏற்பாடு, அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை கார் வந்தபோதுதான் வந்தது. புதுச்சத்திரத்தார் முதலில் கார் வாங்கிவிட்டதால் அவர் நம்பர் நானூற்றுச் சொச்சம். அடுத்த வருஷம் வாங்கிய மோகனூரார் நம்பர் ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கோயிலில் மூத்தவன், ரோட்டில் இளையவன் என்று ஆகிவிட்டதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. அந்த வலி எனக்குத் தெரியும்.

சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்று கிடந்தது. என்ஜின் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பின் ஸீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் நம்பர் இருபத்துமூன்று. மோகனூரார் அதைக் கேள்விப்பட்டு, புதுக் காரில் பாதி விலை கொடுத்து வாங்கிவிட்டார். வாங்கினதும் எங்கள் தெருவுக்கு வந்தார். இருபத்துமூன்றைப் புதுக் காருக்கு எழுத வேண்டும் என்றார்.

மச்சானிடம் முதலில் போனார். நம்பர் அந்தக் காருக்குக் கொடுத்தது, வேறு காருக்கு எழுதினால் குற்றம், எழுத மாட்டேன் என்று மச்சான் சொல்லிவிட்டார். இது எனக்கும் தெரியும். தெரிந்தும், அவர் தெருவைக் கடந்து என்னிடம் வந்தபோது, தாராளமாக எழுதித் தருகிறேன் என்றேன். மச்சான் விட்டது எனக்குக் கிடைக்கிறதே என்ற ஆசை ஒன்றுதான் காரணம். மோகனூரார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தகரத்தைக்கூடத் துடைத்துவிட்டேன். அவர் எழுந்து மறுபடியும் எதிர்க்கடைக்குப் போனார். செத்த காருக்கே அந்த நம்பரைப் புதுசாக எழுதிக் கொடுக்கும்படி மச்சானிடம் கேட்டார். திரும்பிப் போகும்போது என் வாசலில் நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க. மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு எழுதுனாத்தானுங்க அந்த நம்பருக்கு மதிப்பு."

மாடு பூட்டிய கார்

எழுதின நம்பர் ஊருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. என்ஜின் ஓடாது. அதனால் மோகனூரார் அந்தக் காரின் முன்னால் நுகத்தடி கட்டி இரண்டு காளைகளைப் பூட்டினார். கோயில் நோம்பித் திருவிழாவுக்கு அதில்தான் போனார். நான் அன்று கடையைச் சாத்திவிட்டு மோகனூருக்குப் போனேன். சாமி கும்பிடப் போகவில்லை. மச்சான் எழுதிய பலகையில் ஏதாவது ஒரு மூலையில் பெயின்ட் பிசகியிருக்காதா என்று பார்க்கத்தான் போனேன். பிசகியிருக்கவில்லை.

காளைகள் நடக்க, கார் உருண்டு வந்தது. மோகனூரார் பின் ஸீட்டில், தலையில் பட்டு உருமாலையோடு நேராக உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரத்தார் தன் நானூறில், பின்னால் காளை நடைக்குத் தகுந்த மாதிரி ஊர்ந்து வந்தார். ஹாரன்கூட அடிக்கவில்லை. வழியில் நின்ற ஜனங்கள் எல்லாம் பலகையைத்தான் பார்த்தார்கள். கோயில் வாசலில் பூசாரி வந்து மோகனூராருக்கு வழக்கம் போலப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிறைவை நான் என் ஆயுளில் அனுபவித்ததில்லை. எனக்கு அவர் மேலும் பொறாமையாக இருந்தது. காளை ஓட்டி வந்த பண்ணையாள் நுகத்தடியை அவிழ்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னான்:

"எங்க பண்ணாடி செருப்பில்லாம நடந்து வந்திருந்தாலும் இதே பரிவட்டந்தானுங்க கட்டியிருப்பாங்க. மாட்டுக்குத்தான் தண்ட வேலை."

பெட்ரோலும் வைக்கோலும்

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு அளவு வைத்தார்கள். பஸ்களுக்கெல்லாம் பின்னால் பீப்பாய் மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து ஓட்டினார்கள். கார் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் நிறுத்திவிட்டார்கள். மண்டி முதலாளியின் 'ரெண்டு' நம்பரும் நின்றது, பக்கத்து மண்டிக்காரரின் லாபமும் நின்றது. புதுச்சத்திரத்தார் நானூறும் கொட்டகையில் ஏறியது. ஜில்லாவில் தடையில்லாமல் ஓடிய ஒரே சொந்தக் கார் மோகனூராரின் இருபத்துமூன்றுதான். அதற்கு வேண்டியது வைக்கோலும் பருத்திக்கொட்டையும். அது தகாத செலவு என்று சிரித்தவர்கள் எல்லாம் அப்போது வாயை மூடிக்கொண்டார்கள். நானும் சிரித்தவர்களில் ஒருவன்.

ஓடாத காருக்கு யார் பலகை எழுதுவார்கள்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தச் சமயத்தில் மச்சானைப் பட்டாளத்து லாரிகளுக்கு நம்பர் எழுத வடக்கே கூப்பிட்டார்கள். ஆள் எடுக்க வந்தவர் எங்கள் இரண்டு பேர் கடையையும் பார்த்தார். மச்சானைத்தான் கூப்பிட்டார். பாவாயி இரண்டு நாள் அழுதாள். நான் அழவில்லை. எதிரில் அந்தக் கதவு சாத்தியிருக்கப்போகிறது என்று நினைக்கும்போதே எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடப் போனோம். பாவாயி கட்டுச்சோற்று மூட்டையைக் கொடுத்துவிட்டு நின்றாள். வண்டி நகர ஆரம்பித்ததும் மச்சான் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் இருந்தது. மனசாரத்தான் சொன்னார்:

"மோகனூர்ப் பண்ணாடி வந்தாருன்னா நீங்களே எழுதிக் குடுத்துருங்க மாப்ள. தயங்காதீங்க, உங்க கை ஒண்ணும் அத்தனை மோசமில்ல."

ஒரு நாள் முழுக்க

அத்தனை மோசமில்லையாம். ஒரு வருஷம் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு புரண்டேன். எதிர்க்கடை சாத்தியே கிடந்தது. சாத்திய கதவைப் பார்த்தால்கூட, அதில் அவர் பெயரை அவரே எழுதியிருந்தது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் மோகனூர்ப் பண்ணாடியின் பண்ணையாள் ஒரு சாக்கில் சுற்றிய பலகையை, எதிர்க்கடை சாத்தியிருக்கவே என்னிடம் கொண்டு வந்தான். காளைகள் வாலை வீசி வீசி முன்பலகை பூராவும் சாணி. தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் இருபத்துமூன்றில் பாதி போயிருந்தது. கோயில் நோம்பி அடுத்த வாரம் வருகிறது, பண்ணாடி சாயங்காலம் தானே வருவார், ரங்கசாமி கையால் எழுதி வாங்க வேண்டும் என்றான். ரங்கசாமி ஊரில் இல்லாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பலகையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பழைய எழுத்தைச் சுத்தமாகச் சுரண்டினேன். அதன் தடம்கூட இருக்கக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு அடித்து, வெயிலில் காய வைத்து, நூல் பிடித்தேன். அன்று நான் சாப்பிடப் போகவில்லை. பாவாயி கொண்டு வந்து வைத்த சோறு அப்படியே ஆறியது. எழுதினேன், பிடிக்கவில்லை, துடைத்தேன். மறுபடி எழுதினேன், துடைத்தேன். இரண்டின் கழுத்து எங்கே வளைய வேண்டும், மூன்றின் வயிறு எவ்வளவு தள்ள வேண்டும் என்று என் கண்ணுக்கு முதல் தடவையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை எழுதி முடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எண்கள் இரண்டும் பலகையில் உட்கார்ந்திருந்தன. மச்சானுக்கு இப்படி வராது என்று எனக்குத் தோன்றியது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தோன்றியது.

சாயங்காலம் மோகனூரார் வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. பலகையைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் என் எழுத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்காக நின்றேன். அவர் தலையை ஆட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. எதிர்க்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நல்லாயிருக்கிறதே, ரங்கசாமி எங்கே, நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்.

நான் எழுதியது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் கூடவே வந்தது. பலகையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டு போவார். இந்தத் தடவை குறை தேடுவார். தேடினால் கிடைக்கும், எதில்தான் கிடைக்காது? அவர் முகத்தில் இருந்த அந்த மலர்ச்சி போய்விடும். அது என் எழுத்துக்கு வந்த மலர்ச்சி. யார் பெயரில் வந்தால் என்ன, அதைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆமாங்க, மச்சான்தான் எழுதினார், பட்டாளத்து வேலையிலிருந்து லீவில் வந்தவர் மத்தியான வண்டிக்குத் திரும்பிவிட்டார் என்றேன். மோகனூரார் பலகையை மேல்துண்டால் பதனமாகச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதானே பார்த்தேன். வேற யாரு எழுதுனாலும் இந்த அழகு வராதுங்களே. கை தெரியுது பாருங்க."

ஆசைப்பட்ட நம்பருக்குக் காசைக் கொட்டுவது தகுமா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த இருபத்துமூன்றுக்குப் பண்ணாடியைவிட அதிகமாகக் கொடுத்தவன் நான்.